வானத் திருவிழாவுக்கு வழி எது?

பண்டிகை நாளில் சொந்த ஊரில் இருப்பதே சிறப்பு என்று நம் பெரியோர் கூறுவர். ஆயினும் பிழைப்பை நாடிப் பிற மாநிலத்தில் குடியேறிய குடும்பங்களுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊர் செல்லும் பேறு வாய்ப்பதில்லை. விடுமுறை போதவில்லை என்பார் ஒருவர். ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்பார் மற்றொருவர். பாட்டியாருக்கு நெடும்பயணம் ஆகாது என்பார் வேறொருவர். இவ்வாறு ஹைதராபாத்திலேயே தங்கிவிடும் தமிழ்க் குடும்பம், காலையில் புதுப்பானையில் பால் பொங்கவைத்து, கதிரவனை வணங்கி, சர்க்கரைப் பொங்கலை அண்டை வீட்டாருக்கும் வழங்கிய பின், அந்த நீண்ட பகற்பொழுதை எங்ஙனம் கழிப்பது என்று யோசிக்கத் தொடங்குகிறது. ஊரில் என்றால் உறவினர் வீடுகள் உண்டு. மாட்டுப் பொங்கல் உண்டு. காணும் பொங்கலன்று ஆற்றங்கரை உண்டு. இங்கே நாலு சுவர்களும் தொலைக்காட்சிப் பெட்டியுமே உண்டு என்று பலர் எண்ணிவிடுகின்றனர்.

அந்த எண்ணம் சரியன்று. சங்கராந்தி நாள்களில் இந்த நகரத்தின் திருவிழா தரையில் நடப்பதைக் காட்டிலும் வானத்தில்தான் மிகுதியாக நடக்கிறது. செகந்திராபாத் பரேடு மைதானத்தில் ஜனவரி 13 முதல் 15 வரை மாநிலச் சுற்றுலாத் துறையார் பன்னாட்டுப் பட்டத் திருவிழாவை நடத்தி வருகின்றனர். பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன இவ்விழா 2024ஆம் ஆண்டு ஜனவரியில் மீண்டும் தொடங்கப்பெற்றது. 2026இல் பட்டத் திருவிழா முடிந்த கையோடு நகரின் மேற்குப் புறத்தில், கோல்கொண்டாப் பகுதியில், வெப்பக்காற்றுப் பலூன்களும் பறக்கவிடப்பட்டன. பட்டமும் பலூனும் அடுத்தடுத்து வானை அணி செய்யும் அரிய காட்சி இது. குழந்தைகளுக்கு இதைவிட இனிய விருந்து வேறில்லை; முதியோருக்கும் அப்படியே.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வானத்தைக் காணப் புறப்பட்ட குடும்பங்கள் பல, முன்னால் நின்ற காரின் பின்புறத்தையே மூன்று மணி நேரம் கண்டுவிட்டுத் திரும்புகின்றன. 'இனி ஒருபோதும் கூட்டத்துக்குப் போவதில்லை' என்று சபதம் செய்துகொண்டு வீடு சேர்கின்றனர். அடுத்த ஆண்டு குழந்தை ஆசையோடு கேட்கும்போது, தந்தையார் போக்குவரத்தைக் காரணங்காட்டி மறுத்துவிடுகிறார். ஆகவே விழாவைப் பற்றி எழுதுவதோடு, விழாவுக்கு வழி எது என்பதையும் சற்று விரிவாக எழுதுவது நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

மைதானமும் அதன் வரலாறும்

பரேடு மைதானத்தின் கதையில் தமிழர்க்கும் ஒரு பங்கு உண்டு. 1798ஆம் ஆண்டு நிஜாம் ஆங்கிலேயருடன் துணைப்படை உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி வந்த ஆங்கிலப் படைகள் உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே கூடாரம் அடித்துத் தங்கின. அந்தப் படைவீட்டுக்கு 1806இல் மூன்றாவது நிஜாமான சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் என்று பெயர் அமைந்தது. சென்னைப் படைப்பிரிவுகள் இங்கு வந்து தங்கிய காலத்தில் அவற்றோடு தமிழ்ச் சிப்பாய்களும், பண்டம் வழங்குவோரும், எழுத்தர்களும் வந்தனர். இன்று மாரேடுபள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் தமிழ் ஒலி கேட்பதும், பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் கிருத்திகைதோறும் நம்மவர் திரள்வதும் வியப்புக்குரியன அல்ல. படைகள் அணிவகுத்த அகன்ற திடலே பரேடு மைதானம். தெலங்கானா மாநிலம் 2014 ஜூன் 2இல் தோன்றிய பின், மாநில உதய நாள் விழா பலமுறை இங்கே நடைபெற்றுள்ளது.

திருவிழா நாள்களில் இத்திடலின் தோற்றமே மாறிவிடுகிறது. வெளிநாடுகளிலிருந்தும் இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் வந்த பட்டக் கலைஞர்கள் தத்தம் கைவரிசையைக் காட்டுகின்றனர். நம் சிறுவர் மாடியில் விடும் காகிதப் பட்டம் அன்று இது. திமிங்கலம்போல் வாய் திறந்து மிதப்பது ஒன்று. எட்டுக் கைகளையும் அசைத்துக்கொண்டு ஆடும் கடற்பிராணி ஒன்று. ஒரே கயிற்றில் நூறு சிறு பட்டங்கள் கோத்த தொடர் ஒன்று. இரவில் விளக்குப் பொருத்திய பட்டங்கள் விண்மீன்களோடு போட்டியிடும். கீழே இனிப்புத் திருவிழா. இந்நகரில் குடியேறிய பல மாநிலக் குடும்பங்களும் தத்தம் வீட்டுப் பக்குவத்தில் செய்த இனிப்புகளைக் கொண்டுவந்து வைக்கின்றனர். வங்காளத்தார் சந்தேஷும், குஜராத்தியர் கத்லியும், தெலுங்கர் அரிசெலுவும் ஒரே கூரையின் கீழ்க் கிடைக்கும். தெலுங்கரின் அரிசெலுவைக் கடித்துப் பார்த்த நம் வீட்டுக் குழந்தை, 'இது நம்ம பாட்டி செய்யும் அதிரசம் அல்லவா!' என்று கூவும். பிறமாநில வாழ்வில் இத்தகைய கண்டுபிடிப்புகளே பெருஞ்செல்வம்.

சாலையில் என்ன நடக்கிறது?

சங்கராந்தியின்போது ஹைதராபாத் நகரம் பாதி காலியாகிவிடும் என்பார்கள். அது உண்மையே. கடற்கரை ஆந்திர மாவட்டங்களைச் சேர்ந்தோர் பெருந்திரளாக ஊர் செல்கின்றனர். விஜயவாடா நெடுஞ்சாலையில் பந்தங்கிச் சுங்கச்சாவடியில் கார்கள் வரிசை கட்டி நிற்கும் படத்தை ஆண்டுதோறும் பத்திரிகைகள் வெளியிடுகின்றன. அதைப் பார்த்து, 'நகருக்குள் சாலைகள் வெறிச்சோடியிருக்கும். காரிலேயே போய்விடலாம்' என்று நம்மவர் கணக்கிடுகின்றனர்.

இந்தக் கணக்கில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஜூபிலி ஹில்ஸ் காலியாக இருக்கலாம். மாதாப்பூர் காலியாக இருக்கலாம். ஆனால் ஊரில் தங்கிவிட்ட எல்லாரும் மாலை நாலு மணிக்கு ஒரே இடத்துக்கு வருகின்றனர். அந்த இடத்தைச் சுற்றியுள்ள சர்தார் படேல் சாலையும், பாட்னி சந்திப்பும், பாரடைஸ் சந்திப்பும் சாதாரண நாள்களிலேயே நெரிசல் மிக்கவை. மைதானத்தை அடுத்தே ஜூபிலி பஸ் நிலையம் வேறு அமைந்துள்ளது. கரீம்நகர், நிஜாமாபாத் முதலிய வடபுல ஊர்களுக்குச் செல்லும் பஸ்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. பெட்டி படுக்கையோடு ஊர் செல்வோரும், பட்டம் பார்க்க வருவோரும் ஒரே தெருவில் முட்டிக்கொள்கின்றனர். இதனை அறிந்த காவல்துறையினர் சில சாலைகளை அடைத்து வாகனங்களை வேறு வழியில் திருப்பிவிடுகின்றனர். பழக்கமில்லாதவர் ஒருமுறை தவறான பக்கம் திருப்பப்பட்டால் மீண்டும் மைதானத்தை நெருங்க ஒரு மணி நேரமாகும்.

சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு காரில் நாலு பேர் வருகிறோம். ஆயிரம் பேர் வர இருநூற்றைம்பது கார்கள் வேண்டும். அவற்றை நிறுத்த எத்தனை பெரிய இடம் வேண்டும்! அதே ஆயிரம் பேரை மூன்று பெட்டிகள் கொண்ட ஒரே மெட்ரோ வண்டி ஏறத்தாழச் சுமந்துவந்துவிடுகிறது. இறக்கிவிட்டு, நிற்க இடமும் கேளாமல் போய்விடுகிறது. கூட்டத்தின் தலைவலிக்கு மருந்து இந்த எளிய கணக்கில்தான் இருக்கிறது.

மெட்ரோவில் செல்லும் முறை

ஹைதராபாத் மெட்ரோ ரயில் 2017 நவம்பரில் தொடங்கப்பெற்றது. 2020 பிப்ரவரியில் ஜூபிலி பஸ் நிலையம் வரையிலான பச்சைத் தடமும் திறக்கப்பட்டு, மூன்று தடங்களும் சேர்ந்து சுமார் 69 கிலோமீட்டர் நீளமும் 57 நிலையங்களும் கொண்டதாக அது அமைந்தது. மூன்று தடங்களுள் இரண்டு பரேடு மைதானத்தின் வாயிலிலேயே சந்திக்கின்றன என்பது நமது நற்பேறு.

நாகோல், உப்பல், ஹப்சிகூடா, தார்நாகா, மெட்டுகூடா பக்கங்களில் இருப்போர் நீலத் தடத்தில் ஏறிப் பரேடு கிரவுண்டு நிலையத்தில் இறங்கினால் போதும். ராய்துர்க், ஹைடெக் சிட்டி, மாதாப்பூர், யூசுப்கூடா, பேகம்பேட்டை வாசிகளும் அதே நீலத் தடத்தில், எதிர்த் திசையில், வண்டி மாறாமல் வந்து சேரலாம். மியாப்பூர், குகட்பள்ளி, எர்ரகட்டா பக்கத்தார் சிவப்புத் தடத்தில் வந்து அமீர்பேட்டையில் நீலத் தடத்துக்கு மாற வேண்டும். தில்சுக்நகர், மலக்பேட்டை, எல்.பி. நகர் பக்கத்தார் மகாத்மா காந்தி பஸ் நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறி, அதன் கடைசி நிலையமான ஜூபிலி பஸ் நிலையம் பரேடு கிரவுண்டில் இறங்கலாம். ஆனால் சங்கராந்திக்கு முந்திய இரண்டொரு நாள்களில் மகாத்மா காந்தி பஸ் நிலையம் மூட்டை முடிச்சுகளோடு ஊர் செல்லும் மக்களால் நிரம்பி வழியும். கைக்குழந்தையுடன் செல்வோர் அந்த மாற்றத்துக்குச் சற்று அதிக நேரம் ஒதுக்கிக்கொள்வது நன்று.

சைனிக்புரி, அல்வால், மால்காஜ்கிரி பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு, மெட்ரோதான் இல்லை. அவர்களுக்கு அரசு பஸ்ஸே துணை. அல்வால் பக்கத்தார் ஜூபிலி பஸ் நிலையம் செல்லும் பஸ்ஸைப் பிடிக்கலாம். மற்றவர் செகந்திராபாத் ரயில் நிலையம் வரை வந்து, அங்கிருந்து செகந்திராபாத் கிழக்கு மெட்ரோ நிலையத்தில் ஏறினால் அடுத்த நிலையமே மைதானம். ஸ்கூட்டர் வைத்திருப்போர் அருகிலுள்ள மெட்ரோ நிலையம் வரை அதில் சென்று, அங்கே நிறுத்திவிட்டு ஏறலாம். நாகோல், மியாப்பூர் போன்ற முனை நிலையங்களில் வாகனம் நிறுத்த அகன்ற இடங்கள் உள்ளன.

பஸ்ஸைப் பற்றி நம் இல்லத்தரசிகள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று. 2023 டிசம்பர் முதல் தெலங்கானாவைச் சேர்ந்த பெண்களுக்கு அரசுச் சாதாரண பஸ்களிலும் விரைவு பஸ்களிலும் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்பட்டு வருகிறது. அதற்கு மாநில முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பத்தாண்டுகளாக இங்கே வாழ்ந்தும் ஆதார் அட்டையில் தஞ்சாவூர் முகவரியையே வைத்திருப்போர் நம்மில் பலர். அத்தகையோர் சில்லறை எடுத்துச் செல்வது மட்டுமன்றி, முகவரியை மாற்றிக்கொள்வது பற்றியும் சிந்திக்கலாம்.

மெட்ரோ அட்டையில் முன்னதாகவே பணம் செலுத்தி வைத்துக்கொள்க. அல்லது கைப்பேசியிலேயே போக வரப் பயணச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்க. விழா முடிந்து எல்லாரும் திரும்பும்போது மக்கள் முண்டியடிப்பது வண்டியில் ஏறுவதற்கு மட்டுமன்று, சீட்டுக்காகவும்தான். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் படிகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நிலையங்களில் மின்தூக்கிகள் உண்டு. காரின் பின் இருக்கையில் இரண்டு மணி நேரம் கால்மடக்கி உட்கார இயலாத பாட்டியார், இருபது நிமிடம் ரயிலில் அமர்ந்து உசேன் சாகர் பக்கமாக நகரை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து சேரலாம். 'அம்மாவால் அவ்வளவு தூரம் வரமுடியாது' என்று வீட்டில் விட்டுச் செல்லும் வழக்கத்தை இந்த ஒரு வசதி மாற்றிவிடும். திருவிழா குழந்தைகளுக்கு என்று எண்ணுகிறோம். பகலெல்லாம் அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கும் முதியோருக்கே அது மிகுதியும் தேவை.

நேரம் அறிந்து செல்லுதல்

எதில் செல்வது என்பதற்கு அடுத்தது எப்போது செல்வது என்பதாகும். பட்டத்துக்குக் காற்று வேண்டும். எனவே பகற்பொழுது அதற்கு உகந்தது. மதியச் சாப்பாட்டை முடித்து, இரண்டு மணிக்கே சென்றுவிட்டால் திடலில் நிற்க இடமும், இனிப்பைச் சுவைக்கப் பொறுமையும் இருக்கும். கூட்டம் பெருகும் ஆறு மணிக்கு நாம் திரும்பலாம். விளக்குப் பட்டங்களைக் காண விரும்புவோர் இரவு வரை இருக்கலாம். ஆனால் அவர்கள் நிகழ்ச்சி முடியும் கடைசி நிமிடம் வரை காத்திராமல் அரைமணி முன்னதாகக் கிளம்புதல் நலம். அப்படியும் நிலையத்தில் கூட்டம் கண்டால், பாரடைஸ் நிலையம் வரை நடந்துசென்று ஏறுவது ஒரு நல்ல உபாயம்.

பலூனின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அதற்குக் காற்று ஆகாது. அதன் தத்துவம் எளியது. சூடான காற்று குளிர்ந்த காற்றைவிட இலேசானது. பெரிய துணிப்பையின் உள்ளே இருக்கும் காற்றை எரிவாயுச் சுடரால் சூடாக்கினால், பை தன்னையும் கூடையையும் அதில் நிற்கும் மனிதரையும் தூக்கிக்கொண்டு எழும்புகிறது. 1783ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் மோன்கோல்ஃபியே சகோதரர்கள் முதலில் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் ஆகியவற்றை இவ்வாறு அனுப்பிப் பார்த்தனர். அதே ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் பாரிஸ் நகரில் இரண்டு மனிதர்கள் அவர்கள் அமைத்த பலூனில் பறந்தனர். இன்று நாம் காணும் புரோப்பேன் வாயுச் சுடருடன் கூடிய பலூனை அமெரிக்கரான எட் யோஸ்ட் 1960 அக்டோபரில் பறந்து காட்டினார். ஆனால் ஒன்று மட்டும் இன்றளவும் மாறவில்லை. பலூனுக்குச் சுக்கான் கிடையாது. ஏறலாம், இறங்கலாம், பக்கவாட்டில் செல்வது காற்றின் சித்தம். 2025 ஜனவரியில் பொள்ளாச்சியில் கிளம்பிய பலூன் ஒன்று எல்லை கடந்து கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்து வயலில் இறங்கிய செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள்.

ஆதலால் பலூன் ஓட்டிகள் காற்று அடங்கியிருக்கும் வைகறையையே தேர்கின்றனர். வெயில் ஏறித் தரை சூடானால் காற்று கலைந்து எழும், பலூன் ஆடும். மாலையில் பெரும்பாலும் கயிற்றால் கட்டிய நிலையில் சிறிது உயரம் ஏற்றி இறக்குவர். இருட்டியபின் தரையிலேயே நிறுத்திச் சுடரை எரித்து விளக்குக் கூண்டுகள் போல ஒளிரச் செய்வர். வைகறைப் பறத்தலைக் காண வேண்டுமாயின் சூரியோதயத்துக்கு முன்பே அங்கிருக்க வேண்டும். கோல்கொண்டாவுக்கு மெட்ரோ இல்லை. இருந்தாலும் முதல் வண்டியைப் பிடித்துச் செல்வதற்குள் பலூன் எழும்பியிருக்கும். எனவே இங்கு மட்டும் வாடகைக் காரோ ஆட்டோவோ கொள்ளலாம். இரண்டு குடும்பங்கள் கூடி ஒரு வண்டி அமர்த்திக்கொண்டால் செலவும் குறையும், பேச்சுத் துணையும் ஆகும். விடியற்காலைச் சாலையில் போக்குவரத்துத் தொல்லை இராது.

தொல்லை திரும்பும்போதுதான். ஏழரை மணிக்குப் பலூன்கள் கண்ணுக்கு மறைந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் வண்டியைக் கிளப்புவர். அப்போது நாம் அவசரப்பட வேண்டியதில்லை. கட்டிவந்த இட்லியையும் மிளகாய்ப் பொடியையும் பிரித்து உண்டுவிட்டு, கோல்கொண்டாக் கோட்டை திறக்கும்வரை காத்திருந்து உள்ளே செல்வோம். நுழைவாயிலில் கைதட்டினால் குன்றின் உச்சியிலுள்ள பாலா ஹிசாரில் அந்த ஒலி கேட்கும் விந்தையைக் குழந்தைகளுக்குக் காட்டுவோம். அருகிலேயே குதுப்ஷாஹி மன்னர்களின் கல்லறை மாடங்கள் அமைதியான தோட்டத்தில் உள்ளன. பத்து மணிக்கு வெளியே வரும்போது சாலை நமக்கு வழிவிட்டிருக்கும். வான்காட்சிக்குப் போன பயணம் வரலாற்றுப் பாடமாகவும் முடியும்.

பலூன் பறப்பது வானிலையைப் பொறுத்தது. காற்று பலமானால் கடைசி நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். 'இவ்வளவு தூரம் வந்தோமே' என்று ஓட்டியிடம் வாதாடுவது தகாது. அவர் மறுப்பது நம் உயிருக்காக. கோட்டை இருக்கும்போது வந்த பயணம் வீணாவதுமில்லை.

கூட்டத்தில் காக்க வேண்டியவை

கூட்டம் என்பது வெறும் அசௌகரியம் என்று எண்ணலாகாது. 2022 செப்டம்பரில், பரேடு மைதானத்துக்கு அருகேயுள்ள ஜிம்கானா மைதானத்தில், கிரிக்கெட் ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கக் கூடியவர்கள் நெரிசலில் சிக்கிப் பலர் காயமுற்றனர். 2024 டிசம்பரில் ஆர்.டி.சி. குறுக்குச் சாலையிலுள்ள திரையரங்கு ஒன்றில் ஏற்பட்ட நெரிசலில் ஒரு தாய் உயிர்நீத்தார். அவருடைய சிறு மகன் பெரும் ஆபத்துக்குள்ளானான். அவரும் நம்மைப் போலக் குடும்பத்தோடு ஒரு மாலையைக் களிப்பாகக் கழிக்கச் சென்றவரே. இவற்றை நினைவூட்டுவது அச்சுறுத்துவதற்காக அன்று, முன்னேற்பாடு செய்வதற்காக.

சென்னையில் காணும் பொங்கலன்று மெரினாவில் கூடும் குழந்தைகளின் கையில் காவல்துறையினர் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகின்றனர். இந்த நல்வழக்கத்தை நாமே வீட்டில் பின்பற்றலாம். ஒரு நாடாத் துணியும் அழியாத மையும் போதும். குழந்தைக்குத் தெலுங்கிலோ இந்தியிலோ தன் பெயரையும் தந்தையின் பெயரையும் சொல்லப் பழக்குதலும் நன்று; வீட்டில் தமிழே பேசி வளரும் மூன்று வயதுக் குழந்தை அழுதுகொண்டு சொல்வது இங்குள்ள காவலருக்கு விளங்காமற் போகலாம். பிரிந்துவிட்டால் எங்கே கூடுவது என்பதை உள்ளே நுழைந்தவுடன் முடிவு செய்துகொள்க. வெளியேறும் வாயில்கள் எவை என்பதையும் பார்த்து வைத்துக்கொள்க. முன்வரிசைக்கு முண்டிச் செல்ல வேண்டியதில்லை. வானத்தில் நடக்கும் விழாவுக்குப் பின்வரிசை என்று ஒன்றில்லை அல்லவா?

இன்னொரு எச்சரிக்கை மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கு. பட்ட நாள்களில் நைலான் மாஞ்சாக் கயிறு சாலையின் குறுக்கே தொங்கும். 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இத்தகைய கயிற்றை நாடெங்கும் தடைசெய்தது. ஆயினும் 2024 ஜனவரியில் இந்த நகரில் வண்டியில் சென்ற இராணுவ வீரர் ஒருவர் கழுத்தில் மாஞ்சா அறுத்து மாண்டார். பறவைகள் மாள்வதற்குக் கணக்கே இல்லை. எனவே அந்த இரண்டு மூன்று நாள்கள் குழந்தையை வண்டியின் முன்புறம் நிறுத்திக்கொண்டு செல்லும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுக. கழுத்தில் கெட்டியான துணி சுற்றிக்கொள்க. நம் பிள்ளைகளுக்குப் பருத்தி நூலையே வாங்கித் தருக. மெட்ரோப் பாதைக்கும் மின்கம்பிகளுக்கும் அருகில் பட்டம் விட அனுமதியாதீர்.

பிற ஊர்கள் கற்பிப்பது

உலகின் மிகப் பெரிய பலூன் விழா அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி நகரில் நடக்கிறது. 1972இல் ஓர் அங்காடியின் வாகன நிறுத்தத்தில் 13 பலூன்களோடு தொடங்கிய அவ்விழாவில் இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட பலூன்கள் அக்டோபர் மாத வைகறையில் எழுகின்றன. வீட்டுக்கு வீடு கார் உள்ள நாடு அது. ஆயினும் அங்கும் கார்களால் வழி அடைபட்டது. என்ன செய்தார்கள்? நகரின் பல மூலைகளில் கார்களை நிறுத்தச் செய்து, அங்கிருந்து திடலுக்குப் பஸ்களை ஓட்டினர். சுற்றுப்புற ஊரார் ரயிலில் வந்து பஸ்ஸில் மாறும் ஏற்பாடும் உண்டு. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே கூட்டத்துக்கு மருந்து பொதுப் போக்குவரத்துதான் என்று கண்டிருக்கின்றனர். நமக்கு அந்த ரயில் மைதானத்தின் வாயிலிலேயே வந்து நிற்கிறது.

ஊருக்குச் செல்லும் பேறு பெற்றோர்க்கும் ஒரு சொல். தமிழ்நாட்டில் 2015 முதல் பொள்ளாச்சியில் பன்னாட்டுப் பலூன் விழா நடந்து வருகிறது. அதன் பத்தாம் ஆண்டான 2025இல் சென்னையை அடுத்த திருவிடந்தையிலும், பொள்ளாச்சியிலும், மதுரையிலும் பொங்கலையொட்டி அடுத்தடுத்து நடைபெற்றது. கொங்கு நாட்டைச் சேர்ந்தோர் பொங்கல் விடுமுறையில் கோயம்புத்தூரிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ பொள்ளாச்சி சென்று வரலாம். தென்னந்தோப்புகளுக்கு மேலே வண்ணப் பலூன்கள் மிதக்க, அப்பால் ஆனைமலைத் தொடர் நீலமாய்த் தோன்றும் காட்சி வேறெங்கும் கிடைப்பதன்று.

எனினும் ஊர் செல்ல இயலாதவர்கள் ஏங்கியிருக்க வேண்டியதில்லை. நாம் வாழும் ஊரும் நம் ஊரே. நம் பிள்ளைகளுக்கு இதுவே பிறந்த ஊர். அவர்கள் பெரியவர்களான பின் நினைத்து மகிழப்போகும் பொங்கல் இங்கே கொண்டாடும் பொங்கல்தான். ஆகவே வருகிற தை மாதத்தில் நேயர்கள் ஒன்று செய்யலாம். ஒரே குடியிருப்பிலுள்ள மூன்று நாலு தமிழ்க் குடும்பங்கள் முன்கூட்டியே பேசிக்கொண்டு, ஒரு நாளும் ஒரு நேரமும் குறித்து, ஒரே மெட்ரோ நிலையத்தில் சந்தித்துச் சேர்ந்து புறப்படலாம். புதிதாகக் குடிவந்து, வழியும் மொழியும் அறியாமல் வீட்டிலேயே அடைந்திருக்கும் குடும்பம் ஏதேனும் இருந்தால் அவர்களையும் அழைத்துக்கொள்ளலாம். வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். விழாவின் நாளையும் நேரத்தையும் இடத்தையும் அவ்வாண்டு வெளியாகும் சுற்றுலாத் துறை அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். காரை வீட்டில் உறங்கவிட்டு, கையில் ஒரு தண்ணீர்க் குப்பியும் பையில் கொஞ்சம் முறுக்குமாகப் புறப்படுங்கள். மற்றவற்றை வானம் பார்த்துக்கொள்ளும்.